நாய்க்குக் குட்டி, பசுவுக்கு?

“நாய்க்குக் குட்டின்னா, பசுவுக்கு?”

“பால்,” என்றாள் கஸ்தூரி.

வேணு காப்பி டம்ளரைத் தரையில் வைத்தான். கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டான்.

“பாலா?”

“பின்ன? நாய் வளர்த்தா குட்டிதான் மிச்சம். பசு வளர்த்தா பால். சரியாத்தானே இருக்கு?”

பாங்க் வேலைக்குப் பரீட்சை எழுதப்போவதாகக் கஸ்தூரி சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே கூத்து. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொது அறிவும் பரவாயில்லை. ‘இதற்கு இது என்றால் அதற்கு எது?’ என்று கேட்கும் சொல் ஒப்புமை மட்டும் ஏறவே மாட்டேன் என்றது.

அந்தப் பகுதியோடு வேணுவுக்கும் பழைய பகை உண்டு. திருவண்ணாமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அவன் இளநிலை எழுத்தர். மேல்நிலைக்குப் போகும் பரீட்சையில் இரண்டு முறை இதிலேதான் கவிழ்ந்தான். ‘இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருந்தவன். யார் சொல்லிக்கொடுக்க வந்தாலும் எரிந்து விழுவான். ஆனால் பெண்டாட்டி பசுவுக்குப் பால் என்று அடித்துச் சொல்லும்போது எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?

“உனக்கு இது புரியாம நான் விடப்போறதில்ல கஸ்தூரி. பாத்துடலாம் ஒரு கை!”

நூலகத்திலிருந்து தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் தானே படித்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவில் இத்தனை வகையா என்று வாயைப் பிளந்தான்.

“மொதல்ல ரெண்டு சொல்லையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லணும். நாயோட பிள்ளை குட்டி. பசுவோட பிள்ளை?”

“கன்னுக்குட்டி.”

“அப்படிப் போடு!”

“அதுலயும் குட்டிதானே வருது? அப்ப ரெண்டுக்கும் ஒரே விடையாங்க?”

வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது, பொருளைக் கண்ணில் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்தான். மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டான். செயினைக் கழற்றினான், பெடலைக் கழற்றினான், சக்கரத்திலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினான்.

“இது பாகம், முழுமை வகை. கம்பி பாகம், சக்கரம் முழுசு. இப்பப் புரியுதா?”

“பாகம் புரியுதுங்க. முழுசு எங்க?”

முழுசு திரும்பி வரவேயில்லை. வேணு ஆபீசுக்கு நடந்து போய், தாமதமாக நுழைந்து, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அதற்காகச் சோர்ந்துபோகிறவனா? அன்று சாயங்காலமே அடுப்படியில் பாடம் தொடங்கியது.

“வெதுவெதுப்பு ஜாஸ்தியானா கொதிப்பு. அதே மாதிரி கோவம் ஜாஸ்தியானா என்ன? நல்லா யோசி. அவசரப்படாதே.”

அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

“இது காரணம், விளைவு வகைங்களா?” என்றாள் கஸ்தூரி. “காரணம் நீங்க, விளைவு இது?”

அது அவன் அம்மா ராஜம்மாளின் காப்பிக்கு வைத்திருந்த பால். அவள் முகம் மாறுவதற்குள் சுலபமான வகைக்குத் தாவிவிட வேண்டும் என்று வேணு அவசரப்பட்டான்.

“எதிர்ச்சொல் பாப்போம். மேடுன்னா பள்ளம். பகல்னா ராத்திரி. மாமியார்னா மருமக.”

“ஏண்டா,” என்றாள் ராஜம்மாள் வாசற்படியிலிருந்து, “நான் இவளுக்கு எதிரியா?”

“எதிரி இல்லம்மா, எதிர்ச்சொல்!”

“அதுக்கு ஒரு சொல் வேறயா?”

மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, அடி அண்ணாமலையிலிருக்கும் தங்கை வீட்டுக்கு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் வேணு அத்தனை தூரமும் வெயிலில் நடந்தான். வழி நெடுக மலையைப் பார்த்தபடி, மாமியாருக்கும் மருமகளுக்கும் என்னதான் உறவு என்று விடாமல் யோசித்தான். போய்ச் சேரும்போது விடை தயாராக இருந்தது.

“நான் சொன்னது தப்பும்மா. நீயும் கஸ்தூரியும் ஜோடி வகை. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு உபயோகப்படாது.”

ராஜம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. “எதைப் போலடா?”

“செருப்பு மாதிரிம்மா.”

பௌர்ணமி கழிந்துதான் ராஜம்மாள் வீடு திரும்பினாள்.

வேணு மட்டும் விடவில்லை. கஸ்தூரி புதிது புதிதாகத் தப்புச் செய்தாள். அவன் புதிது புதிதாகப் படித்தான். டீக்கடையில் நின்றால் தேயிலை மூலப்பொருள், டீ செய்பொருள். கோபுரத்தைப் பார்த்தால் கலசம் பாகம், கோபுரம் முழுமை. கண்ணில் பட்டதையெல்லாம் ஜோடி சேர்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

பரீட்சை நெருங்கியபோது கஸ்தூரி சொன்னாள்: “தனியா போக பயமா இருக்குங்க. அன்னைக்கு அதே ஸ்கூல்லதான் உங்க ஆபீஸ் பரீட்சையும் நடக்குதாம். உங்க ஹெட்கிளார்க்கிட்ட உங்க பேரையும் குடுக்கச் சொல்லிட்டேன். சும்மா போய் உக்காந்துட்டு வாங்களேன், எனக்குத் துணைக்கு.”

துணைக்குத்தானே என்று வேணு போனான். வாசலில் அவளுக்கு ஆயிரம் புத்திமதி சொன்னான். “வாக்கியத்துல வச்சுப் பாரு. அவசரத்துல பால்னு எழுதிடாதே!” அவள் தலையாட்டிவிட்டு, “நீங்க மொதல்ல போங்க,” என்றாள்.

உள்ளே கேள்வித்தாளைப் புரட்டியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிற்பிக்கு உளி என்றால் உழவனுக்கு? இதிலா இரண்டு முறை கவிழ்ந்தோம்! மளமளவென்று எழுதி முடித்தான். ஆனால் மனசெல்லாம் அவளிடம்தான். பாவம், என்ன தவிக்கிறாளோ!

மணி அடித்ததும் ஓடிவந்து ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தான். கஸ்தூரியைக் காணோம். கேட்டருகே வாட்ச்மேன் அப்பாசாமி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, பாங்க் பரீட்சை எழுதினவங்க எந்தப் பக்கம் வெளிய வருவாங்க? என் சம்சாரம் எழுதுறா. சொல் ஒப்புமைல கொஞ்சம் வீக்கு.”

அப்பாசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாங்க் பரீட்சையா? இன்னைக்கு இங்க உங்க ஆபீஸ் பரீட்சை ஒண்ணுதான் சார். உங்களை உள்ள அனுப்பிச்சாங்களே, அந்தம்மா காலையிலேர்ந்து அதோ அந்தப் புங்க மரத்தடியிலதான் உக்காந்திருக்காங்க. என் பொண்ணுக்கு அந்தச் சொல் ஒப்புமையைத்தான் சொல்லிக் குடுக்கறாங்க, அடேயப்பா, என்ன தெளிவு!”