சிங்கம் போட்ட தட்டு

பிரபுக்களில் ஒரு வகை உண்டு. இவர்களுக்குத் தட்டு தேவைப்படுவது சாப்பிட அல்ல, குலச்சின்னம் வரைய. வலென்சியா நகரத்தில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழுவீர்கள்.

கல்செரான் பிரபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைச் சேணத்தில் சிங்கம், வாசற்கதவில் சிங்கம், தலையணை உறையில் தடித்த நூலால் தைத்த சிங்கம். தூங்கி எழுந்தால் மனிதருடைய கன்னத்திலும் சிங்கம். மகள் வயலாந்துக்குச் சம்பந்தம் பேசப் பெரெங்கேர் பிரபு வருகிறார் என்றதும், நேரே மனிசெஸ் ஊருக்குக் குதிரையை விட்டார். அங்கே குயவர் அஸ்மத்தின் சூளையில்தான் மண் தட்டு பொன்னாக மின்னி வெளியே வரும்.

"சிங்கத்தைக் கொஞ்சம் பெரிசா போடுப்பா."

"இதுக்கு மேல பெரிசாக்கினா வாலைத் தட்டுக்கு வெளியிலதான் விடணும், எசமான். கறி வைக்க எடம் இருக்காது."

"கறி யாரு வைக்கப் போறா?"

அஸ்மத் தலையாட்டினார். முப்பது வருஷமாகத் தட்டு செய்கிறவர். அதில் ஒருவர் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

விருந்து நாள் வந்தது. சுவர் நிறையப் பொன் தட்டுகள். மேசையில்? சாப்பிட மரப்பலகைகள். மழையில் நனைந்து, பாதி நாள் குதிரையில் வந்த பெரெங்கேர் பிரபு ஆட்டுத்தொடையையே பார்த்துக்கொண்டிருக்க, கல்செரானோ பாட்டனாரில் தொடங்கி, பாட்டனாரின் பாட்டனார் பிடித்த கோட்டைகளைக் கடந்து, சிங்கத்தின் பின்னங்கால் நகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"சம்பந்தி, கறி ஆறுது," என்றார் விருந்தாளி.

"அந்த மூணாவது நகத்தைப் பாருங்க."

பெரெங்கேர் எழுந்துவிட்டார். "தட்டையெல்லாம் செவுத்துல மாட்டிட்டு எனக்குப் பலகையா? நாளைக்கு என் பிள்ளைக்கு இந்த வீட்டுல என்ன மரியாதை கிடைக்கும்? குதிரையக் கொண்டாரச் சொல்லுங்க."

வயலாந்தின் முகம் வெளுத்தது. அவளுடைய தாய் சவுரீனா சுவரிலிருந்த பெரிய தட்டை இறக்கினாள், ஆட்டுத்தொடையைக் குழம்போடு தூக்கி அதில் வைத்தாள், விருந்தாளி முன் நகர்த்தினாள். "உக்காருங்க அண்ணா. பசியோட போகக்கூடாது."

பெரெங்கேர் உட்கார்ந்தார். கத்தி பொன்பூச்சில் கரகரவென்று இழுபட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கல்செரானுடைய கண் மூடி மூடித் திறந்தது. கடைசித் துண்டும் போனபின் விருந்தாளி குனிந்து பார்த்தார்.

"அட, அடியில ஒரு நாய். அழகா இருக்கே, சம்பந்தி."

கல்செரான் வாயைத் திறந்தார். எதிரே மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா சம்பந்தி," என்றார். "வேட்டை நாய். நல்ல ஜாதி."

கல்யாணம் அன்றே முடிவாயிற்று.

சிரிக்கிறீர்கள். நல்லது. பெரிய மனிதர் யாராவது வந்தால் எடுக்கலாம் என்று உங்கள் வீட்டிலும் ஒன்றைத் துணி சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதை எத்தனை வருஷமாக எடுக்கவில்லை? இத்தனை காலம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களில் ஒருவர்கூடவா பெரிய மனிதர் இல்லை?