இரண்டு அங்குலக் குழாயும் எலுமிச்சை அளவுக் கிழங்கும்

இந்த வீட்டில் தான் சொன்னபடி கேட்கிற ஒரே ஒரு பொருளையாவது உண்டாக்கிக் காட்டுவது என்று கணவர் முடிவெடுத்தார். திங்கட்கிழமை காலை, வாய் நிறைய பற்பசை நுரையோடு எடுத்த முடிவு. அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பத்தொன்பது வருடமாக அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களின் தலையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துவது அவர் பிழைப்பு. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது. குத்த வேண்டும், தள்ள வேண்டும். வீட்டிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம். மனைவி சொல்வதைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தள்ளிப் போய்விட வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது ஒரு காற்றுப் பீரங்கி. வெடிமருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. பருத்த குழாயில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து வால்வைச் சட்டென்று திறந்தால், அதோடு சேர்ந்த ஒல்லிக் குழாயில் இறுகியிருக்கும் உருளைக்கிழங்கு பறக்கும்.

"பறந்து?" என்றாள் மனைவி.

"பின்பக்கச் சுவர்ல மோதும்."

"மோதி?"

"மோதினா மோதினதுதான்."

"இதுக்குப் பின்னறை வேற வேணுமா உங்களுக்கு?"

வேண்டும். அதுதான் விஷயமே. உடைந்த நாற்காலிகளோடு சும்மா கிடந்த பின்னறையை அவர் தன் பட்டறையாக்க நினைத்தார். அவளோ அதில் தையல் மெஷினைப் போட நினைத்தாள். கடைசியில் பந்தயம் கட்டினார்கள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு கிழங்கு அந்தச் சுவரைத் தொட்டுட்டா அறை உங்களுக்கு. தொடலைன்னா மெஷினுக்கு. அப்புறம் மூச்சு விடக் கூடாது."

நடுவர், பக்கத்து வீட்டு ஓவர்சியர். ஓய்வு பெற்றும் தொண்டையைச் செருமாமல் பேசத் தெரியாதவர். "க்ஹும். நியாயமான ஏற்பாடு," என்றார்.

அன்று மாலையே அவள் தையல் டேப்போடு வந்து குழாயருகே உட்கார்ந்தாள். "வாய் ரெண்டு அங்குலமா? கிழங்கும் அதே அளவு இருந்தாப் போதுமா?"

"இல்லம்மா. வாயைவிடப் பெரிசா இருக்கணும். விளிம்பைக் கூர்மையா அராவி வைப்பேன். அழுத்தினா அது கிழங்கைச் சீவிட்டு, கார்க் மாதிரி இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"சின்னதா இருந்தா?"

"காத்தெல்லாம் பக்கவாட்டுல ஓடிடும். கிழங்கு சோம்பேறி மாதிரி உக்காந்திருக்கும்."

"அடடா," என்றாள். குழாயின் நீளத்தையும் கேட்காமலே அளந்துகொண்டாள். பதினாறு வருட இல்லறத்தில் அவள் அவரிடம் ஒரு விளக்கம் கேட்டது அதுவே முதல் தடவை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாயன்று ஒட்டினார். புதனன்று விளிம்பை அராவினார். வியாழனன்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் இணைப்பில் குமிழ் குமிழாகக் காற்று ஒழுகியது. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி, இரண்டு நாள் தொடாமல் காயவிட்டார். தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை இரவு அடைத்த காற்று ஞாயிறு காலையிலும் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் அவருக்கு மேலே இருக்கிற ஒருவனாலும் இதைச் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குச் சமையலறைக் கூடையில் கைவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் எலுமிச்சை அளவு. சிலது நெல்லிக்காய் அளவு.

"என்னம்மா இது, கிழங்கா கோலிக்குண்டா?"

"இந்த வாரம் இப்படித்தாங்க வந்திருக்கு. வேணும்னா நீங்களே கடைக்குப் போய்ப் பாருங்களேன். பத்து வீடு தள்ளித்தானே?"

"என் சபதம்?"

"ஆமால்ல. மறந்தே போச்சு."

அவள் எதையும் மறந்ததில்லை. ஏழு வருடத்துக்கு முன்பு அவர் வாங்கி வந்த வெள்ளரிக்காய் அத்தனையும் கசந்தன. அவள் சிரித்த சிரிப்பில், இனிமேல் காய்கறிக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டவர் அவர். இப்போது மிதித்தால் அந்தச் சிரிப்பு நியாயமென்று ஆகிவிடும். வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். கழற்றினார்.

ஒரு பொடிக் கிழங்கைப் பழைய பனியன் துணியில் சுற்றித் திணித்து, பம்படித்து, வால்வைத் திறந்தார். பர்ர்ரென்று ஒரு சத்தம். கௌரவமான சத்தம் இல்லை. கிழங்கு உருண்டு வந்து அவர் கால் கட்டைவிரலருகே நின்றது. ஒன்பது தடவை முயன்றார். ஒன்பது கிழங்குகள் அவர் காலடியில் கூட்டம் போட்டிருந்தன.

"க்ஹும். மணி ஆறு. சுவர் சுவராவே இருக்கு."

தையல் மெஷினைக் கனமான பக்கம் பிடித்துத் தூக்கியதும் அவரேதான்.

ஆறரை மணிக்கு ஓவர்சியர் ஒரு சாக்குப் பையோடு திரும்பி வந்தார். "க்ஹும். அம்மா, நீங்க குடுத்து வெச்சதை எடுத்துக்கிறீங்களா? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் கட்டிலுக்கடியில கிடக்கு. முளைவிட ஆரம்பிச்சிடுச்சு."

பைக்குள் உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றும் குத்துச்சண்டைக்காரன் முஷ்டி மாதிரி.

கணவர் பைக்குள் கைவிட்டார். ஒன்றை எடுத்து அழுத்தினார். விளிம்பு அதைச் சோப்பு மாதிரி சீவியது. பம்படித்தார். வால்வைத் திறந்தார். டப். சுவரின் நட்டநடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். பத்தொன்பது வருடத்தில் அவர் குத்திய எந்த முத்திரையும் அவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

"அட, நிஜமாவே நல்லாத்தாங்க செஞ்சிருக்கீங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

பிறகு அவள் பின்னறை ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்த ஒல்லிக் குழாயைக் கழட்டிக் குடுங்க, திரை மாட்டணும். ஜன்னலுக்குச் சரியா இருக்கும், திங்கட்கிழமையே அளந்துட்டேன்."