ஒய்-ஒய் அக்காவும் கூண்டு டிவியும்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரை உள்ள அத்தனை கம்பெனிகளிலும், அத்தனை ஹாஸ்டல்களிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், ரசத்துக்குச் சிவப்பு அட்டை மாட்டிய இன்னொரு பெண் கிடைக்க மாட்டார். எங்கள் ஒய்-ஒய் அக்கா மாட்டினார். மண்ணூர் லேடீஸ் ஹாஸ்டலில், பட்டப்பகலில், முப்பது பேர் தட்டோடு வரிசையில் நிற்கும்போது.

அக்கா கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே ஒரு பாகம் தேறவில்லை என்றால் அதில் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைத்துவிடுவார்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும். அந்தத் தாளின் பெயர்தான் ஒய்-ஒய். கம்பெனிக்குள் எல்லோரும் அதை எழுதுவார்கள். கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். அக்காவுக்குக் கேட் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

“வார்டன் அம்மா, ரசம் ஏன் தண்ணியா இருக்கு?”

“பருப்புத் தண்ணி கம்மிமா.”

“ஏன் கம்மி?”

“பருப்பு வேகல.”

“ஏன் வேகல?”

“கேஸு தீந்துபோச்சு.”

“ஏன் தீந்துச்சு?”

“புக் பண்ண மறந்துட்டேன். வுடேன்மா!”

“ஏன் மறந்தீங்க?”

வார்டன் அம்மா கரண்டியை வைத்துவிட்டார். “என் பொண்ணு ரெண்டாவது பிரசவத்துக்கு வந்து கீது. மூணு நாளா கண்ணுல தூக்கமில்ல. போதுமா? எய்திக்கினியா?”

அக்கா எழுதிக்கொண்டார். அதோடு விடவில்லை. அடுத்த மூன்று நாளும் ஷிப்ட் முடிந்து வந்ததும் சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கினார். கம்பெனி பஸ் நான்கு நிமிடம் தாமதமாக வந்த அன்று டிரைவரை ஐந்து ஏன் கேட்டு, அவர் மனைவி கோபித்துக்கொண்டு குன்றத்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனது வரை கறந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் சேர்ந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்து சமாதானம் பேசினோம். எல்லோருக்கும் லேட் விழுந்தது. அதற்கு யாரும் ஒய்-ஒய் எழுதவில்லை.

நான் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். செங்கம் பக்கம் என் ஊர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அங்கேயே நின்றுவிடாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் வாங்கியவள். கைநாட்டு வைக்கும் அப்பாவின் மகள் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பாகங்களின் பட்டியலைச் சரிபார்க்கிறாள். ஒரே பாகம் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் அதைப் பிடித்து ஒன்றை நீக்குவதுதான் என் முக்கிய வேலை. ஹாஸ்டலில் யார் போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அக்காவின் ஊர் சங்கரன்கோவில் பக்கம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் கதையை அவர் சொன்னதில்லை. அந்த ஒரு ‘ஏன்’ மட்டும் ஹாஸ்டலில் யாரும் கேட்டதில்லை. மகளைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் பள்ளி ஆண்டு விழா என்று செய்தி வந்தது. மகள் டான்ஸ் ஆடுகிறாள். சனிக்கிழமை சாயங்காலம். அக்கா லீவு கேட்டார். மாதக் கடைசி, லோடு போக வேண்டும், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடமே விழாவை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா நேராக என் கட்டிலுக்கு வந்தார்.

“ஏட்டி, உன் லேப்டாப்ல வாரதை ஹால் டிவியில பெருசா காட்ட முடியுமா?”

“போன்லயே பார்க்கலாமேக்கா. ஏன் டிவியில?”

“போன்ல சின்னதா தெரியுது.”

“சின்னதா தெரிஞ்சா என்ன?”

“பிள்ள வளந்துட்டான்னு எங்கம்மா சொல்லுதா. போன்ல எப்பவும் கட்டவெரல் அளவுதான இருக்கா. எனக்கு எப்படித் தெரியும்?”

நான் மூன்றாவது ஏனுக்கு வாயைத் திறந்தேன். அக்கா எழுந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

எங்கள் ஹால் டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஓர் இரும்புக் கூண்டுக்குள், ஆள் உயரத்துக்கு மேலே, லாக்கப்பில் இருக்கும் கைதி மாதிரி இருந்தது. சாவி வார்டன் அம்மாவின் வீட்டுக்காரரிடம். அவர் எதிர்க் கட்டிடத்தில் ஆண்கள் ஹாஸ்டல் நடத்துகிறார். சாவியைத் தொலைத்து ஒரு வருடம் ஆகிறது. ஆகவே லேப்டாப்பிலிருந்து வயர் போட்டு இணைக்க வழியில்லை. வயர் இல்லாமல் காற்றிலேயே படத்தை அனுப்ப வேண்டும்.

“அது ரெண்டு நிமிஷ வேலைக்கா,” என்றேன். ஒரு வாரம் ஆனது.

என்னுடையது பள்ளியில் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப். திரையைப் பகிர ஒரு இலவச மென்பொருளை இறக்கினேன். டிவிகளின் பட்டியல் வந்தது. ‘ஹால் டிவி’ என்று ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க ஸ்டோர்ஸில் பார்ப்பதுதானே! டூப்ளிகேட் ஒன்றை ஒரே தட்டில் மறைத்தேன். மிச்சமிருந்த ஹால் டிவியைத் தட்டினேன். இரண்டு திரையிலும் படம் காட்டினால் என் லேப்டாப் மூச்சு வாங்கும் என்பதால் ‘டிவியில் மட்டும்’ என்று கொடுத்தேன். ‘இணைந்தது’ என்று சொல்லிவிட்டு லேப்டாப் திரை கறுத்தது. கூண்டுக்குள் டிவி நீலமாக இருந்தது. நீலமாகவே இருந்தது.

அக்கா டிவிக்குச் சிவப்பு அட்டை மாட்டினார். தாள் எடுத்தார்.

“ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். மாத்துனத எழுதணும். அப்பதான் எதுனால சரியாச்சுன்னு தெரியும்.”

திங்கள்: டிவியை அணைத்துப் போட்டோம். செவ்வாய்: வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டோம். மேலேயிருந்து இரண்டு பெண்கள் பாதிப் பேச்சில் காதலன் போய்விட்டதாக அழுதுகொண்டே இறங்கி வந்தார்கள். புதன்: லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்டூலில் ஏறி நின்றேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து சோதித்தேன். அக்கா என்னைத் தட்டச்சு செய்யச் சொன்ன ரசம் ஒய்-ஒய். ஹாஸ்டல் பாத்ரூம் நேரப் பட்டியல். கடைசியில், பெரிய படமாக இருக்கட்டும் என்று, என் பட்டச் சான்றிதழ். எதுவும் வரவில்லை. லேப்டாப் மட்டும் ஒவ்வொரு நாளும் ‘இணைந்தது’ என்று பொய் சொன்னது.

“கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுக்கே வரலியாமே,” என்று சாப்பாட்டு வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு லேப்டாப்புக்கே திரும்பினேன்.

சனிக்கிழமை. அக்கா தலைகுளித்து, பூ வைத்து, நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஹாலில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளின் டான்ஸைப் பார்க்க வந்த அம்மாவின் கோலம் அதுதான். மணி ஐந்து. விழா ஆரம்பித்துவிட்டது. நான் இணைத்தேன். லேப்டாப் கறுத்தது. டிவி நீலம்.

“இன்னொரு தரம் பாரு.”

பார்த்தேன். நீலம். போனில் போடலாம் என்று எடுத்தால் ஹாஸ்டல் வைஃபை திணறியது. படம் ஒரு இடத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இருக்கட்டும்ட்டி,” என்றார், துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே.

அப்போது வாசலில் வார்டன் அம்மாவின் குரல். எதிர்க் கட்டிடத்திலிருந்து ஓடி வந்திருந்தார்.

“யம்மா! அங்க பசங்க மேட்ச் பாத்துகினு இருந்தானுங்க. நடுவுல இன்னாமோ ஸ்கூல் டான்ஸு வந்துகினு கீது. எவன் என்னா அமுக்குனாலும் போவ மாட்டேங்குது. உங்களுதுதானா?”

ஒரே கடையில், ஒரே நாளில், அவர் வீட்டுக்காரர் இரண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே மாதிரி டிவி வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே வைஃபை. டூப்ளிகேட் என்று நான் மறைத்துவைத்தது எங்கள் ஹால் டிவியை.

எனக்கு விளங்குவதற்குள் அக்கா தெருவைத் தாண்டிவிட்டார், செருப்பில்லாமல். ஆண்கள் ஹாஸ்டலுக்குள் பெண்கள் போகக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டிய வார்டன் அம்மாவே, “போ, போ! நான் பாத்துக்கறேன்!” என்று பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன்.

உள்ளே முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் லுங்கி, பாதிப் பேர் கம்பெனி யூனிஃபார்ம். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்கக்கா. ரசம் ரிப்போர்ட் எழுதுன அக்கா நீங்கதான?”

இன்னொருவர் என்னைப் பார்த்து, “ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு வாழ்த்துக்கள் தங்கச்சி,” என்றார். ஒரு வாரமாக இவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பாத்ரூம் நேரம் உட்பட.

“எது உங்க பிள்ளக்கா?”

“இன்னும் வரல.” அக்கா உட்காரவில்லை. அங்கே டிவிக்குக் கூண்டு கிடையாது. ஒரு மேசை மேல் இருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி நின்றார்.

பச்சைப் பாவாடை கட்டிய பன்னிரண்டு குழந்தைகள் வந்தார்கள். “கடைசி வரிசை. இடமிருந்து ரெண்டாவது,” என்று அக்கா யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். எல்லோரும் வலப்பக்கம் திரும்பியபோது அந்தக் குழந்தை மட்டும் இடப்பக்கம் திரும்பியது. ஹாலில் சிரிப்பு. கேமரா அவள் முகத்துக்குப் போனது. தப்பு செய்ததை உணர்ந்து அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். திரை முழுக்க அந்த முகம்.

“முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டே!” என்றார் அக்கா. “எப்ப விழுந்துச்சு? சொல்லவேயில்லையே. போன்ல வாய மூடிக்கிட்டேல்லா சிரிச்சா.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “இத நிப்பாட்ட முடியுமாட்டி?”

நான் எங்கள் ஹாஸ்டலுக்கு ஓடினேன். கறுத்த லேப்டாப்பின் முன் குனிந்து, கண்ணைக் கட்டிவிட்டது போல விசைகளைத் தட்டினேன். ஆண்கள் ஹாஸ்டல் ஜன்னலில் நின்ற ஒருவர் அங்கிருந்து வழி சொன்னார்.

“நின்னுச்சாண்ணா?”

“நின்னுச்சு! ஆனா ஹெட்மாஸ்டர் நிக்காரு! பின்னாடி போ!”

தட்டினேன்.

“இன்னும் பின்னாடி! டான்ஸு வந்துட்டு… கொஞ்சம் முன்னாடி… கொஞ்சம்… அப்படியே! தொடாத!”

கையை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், டிவி நிறைய, பல்லில்லாத சிரிப்பு. அதன் முன் அக்காவின் முதுகு. சுற்றிலும் அத்தனை ஆண்கள், ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேட்ச் என்ன ஆனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அக்கா தானாகத் திரும்பும்வரை விசையைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மில்லில் வேலை கிடைத்து அக்கா போய்விட்டார். அவர் கட்டிலுக்கு வந்திருக்கும் பெண் தங்கமானவள். தரையில் ரசம் கொட்டினால்கூடப் பேசாமல் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் பொழுது போகவில்லை.

போன வாரம், பஸ்ஸுக்காக நிற்கும்போது, மனசு கேட்காமல் அக்காவைக் கூப்பிட்டேன். மகள்தான் எடுத்தாள்.

“அம்மா குளிக்காங்க. நீங்க யாரு?”

“பக்கத்துக் கட்டில்,” என்றேன்.

“யம்மா! பக்கத்துக் கட்டில் பேசுது! சீக்கிரம் வா!” என்று அவள் கத்துவதும், எங்கோ ஒரு வாளி உருளுவதும் கேட்டது.

கம்பெனி பஸ் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.