கண்ணாடி மாட்டிய கதை

வண்டியில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் ஏறுவதும் கண்ணாடி. தமிழ் இப்படி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருப்பது தன்னைக் காப்பாற்றத்தான் என்று உமாசங்கர் முடிவுகட்டினார்.

ஆரியசாலை மிளகாய் மண்டியில் அவர் கணக்கர். எறும்புக்கால் அளவு எழுத்தையும் கிட்டத்தில் வைத்தால் படித்துவிடுவார். தூரத்தில் வருவது பஸ்ஸா பசுவா என்பது மட்டும் ஹாரன் அடித்தாலோ 'அம்மா' என்றாலோதான் தெரியும். ஒரே வாரத்தில் அவருடைய பழைய புல்லட்டின் இடது கண்ணாடியை வாசல் கேட்டின் இடது தூணிலும், வலது கண்ணாடியை வலது தூணிலும் உடைத்திருந்தார். பாரபட்சம் பார்க்கிற ஆளில்லை.

"கண்ணு தெரியல உங்களுக்கு," என்றாள் மனைவி திவ்யலட்சுமி.

"எனக்கா? கழுகுக் கண்ணு!"

"அந்தக் கழுகுதான் நேத்து கொடியில காஞ்ச பாவாடையப் பாத்து 'வாங்க சார், உக்காருங்க'ன்னுச்சு."

"அது... காத்துல ஆடுச்சு."

"கண்ணாடி மாட்டுங்க. மாட்டினாத்தான் ஞாயித்துக்கிழமை உங்க பின்னால ஏறுவேன். இல்லன்னா கல்லாறுக்கு நான் பஸ்ஸுல போறேன். நீங்க பாவாடைகூடப் பேசிட்டிருங்க."

கல்யாணமான புதிதில் இதே வண்டியில் இருவரும் போன இடம் கல்லாறு. மறுபடி போகலாம் என்று ஆசைகாட்டியவரே அவர்தான். ஆனால் மூக்குக் கண்ணாடியோடு மண்டிக்குள் எப்படி நுழைவது? கேஷியர் லிங்கத்துக்கு 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்த மகான் யார்? இவரேதான். அந்தப் பெயர் தனக்கே திரும்பி வரும் என்று நினைத்தாலே உமாசங்கருக்குக் காது மடல் சுட்டது.

"பத்மநாப சாமி மேல சத்தியம். சனிக்கிழமைக்குள்ள கண்ணாடி மாட்டிருதேன்," என்றார். சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். வட்டமாக, பளபளவென்று இரண்டு கண்ணாடி வாங்கிவந்தார். வண்டிக்கு!

சனிக்கிழமை காலை ஸ்பேனரும் கையுமாக முற்றத்தில் உட்கார்ந்தார். நட்டை முறுக்கினால் கண்ணாடி திரும்பியது. கண்ணாடியைத் திருப்பினால் நட்டு தளர்ந்தது. இடது கண்ணாடியில் அவருடைய அக்குள் தெரிந்தது. வலது கண்ணாடியில் அடுத்த வீட்டுத் தென்னையின் உச்சி.

திவ்யலட்சுமி எட்டிப் பார்த்தாள். "இதுதான் நீங்க மாட்டுன கண்ணாடியா?"

"ஏன், இது கண்ணாடி இல்லாம கருவாடா? சொன்ன வார்த்த தவறமாட்டேன்."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"சரி, நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"கேட்டுப் பக்கம் போய் நில்லு. உன்ன வச்சுத்தான் கண்ணாடியச் சரிபண்ணணும்."

பச்சைச் சேலை கேட்டை நோக்கிப் போனது. உமாசங்கர் கேட்டுக்கு முதுகு காட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்து நட்டோடு மல்லுக்கட்டினார். நிமிர்ந்தபோது வலது கண்ணாடியில் அழகாக ஒரு பச்சை தெரிந்தது. மனசு இளகிவிட்டது. பாவம், ஏமாற்றியும் கோபப்படாத பெண்டாட்டி!

"அப்படியே நில்லு தங்கமே!" என்றார்.

பச்சை அசையவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் வா. ஆங்... கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரியே இருக்கே. அந்த இடுப்பு இருக்கே இடுப்பு, இன்னும் அப்படியேதான் இருக்கு!"

"காப்பி ஆறிப்போகுது," என்றது காதோரம் ஒரு குரல்.

திரும்பினார். பக்கத்தில் டம்ளரோடு திவ்யலட்சுமி நின்றாள். அப்படியானால் கண்ணாடியில்?

"அண்ணாச்சி, இது நானாக்கும்!" என்று கேட்டிலிருந்து ஓர் இடிக்குரல் வந்தது. அடுத்த வீட்டு சத்தியநேசன். ரிட்டயர்ட் ஏட்டு. பச்சை லுங்கி, தோளில் பச்சைத் துண்டு, மீசை மட்டும் அரைக்கிலோ. "பேப்பர் வாங்க வந்தேன். திவ்யா இங்க நிக்கச் சொல்லிச்சு. நான் எதுக்குன்னு அறிஞ்சேனா?"

உமாசங்கருக்கு வண்டியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இருந்தாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"எனக்கு... அப்பவே தெரியும். அவருதான்னு."

"ஓகோ! மீசை தெரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"நல்லாவே தெரிஞ்சுது."

"மீசையத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இடுப்பப் பத்திப் பேசினீங்களா?"

சத்தியநேசன் துண்டை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றாள் திவ்யலட்சுமி. "கண்ணு தெரியலையா? இல்ல, அண்ணன்தான் தங்கமா?"

உமாசங்கர் இப்படியும் அப்படியும் பார்த்தார். வழியில்லை. ஏமாற்றியதை நினைத்தாலும் வெட்கம், ஏமாந்ததை நினைத்தாலும் வெட்கம்.

"கண்ணு தெரியல," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"சத்தமா!"

"கண்ணு தெரியலம்மா!"

கண்ணாடி மாட்டப் போனவர் மாட்டிக்கொண்டார். அன்றைக்கே கிழக்கேகோட்டைக் கடையில் மூக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திவ்யலட்சுமி பச்சைச் சேலையில் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் புதுக்கண்ணாடி வழியாகப் புதுக்கண்ணாடியைப் பார்த்தார். கேட் தெரிந்தது. தூண் தெரிந்தது. கேட்டில் நின்ற மீசை, முடி முடியாகத் தெரிந்தது.

"பாத்துப் போணும், கேட்டீரா," என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார் சத்தியநேசன், "தங்கமே!"