சைபர்காரர் கட்டிக் கொடுத்த மணி

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற எவனும் சைபர்காரரை அடிக்கக் கை ஓங்காமல் இருந்ததில்லை. நான் தடியே எடுத்தவன்.

பண்ணைகளில் கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் செய்வது அவர் தொழில். போர்டுக்குள் ஒன்றும் சைபரும்தான் ஓடுகிறதாம். அதனால் தனக்கும் வேறு எண் வேண்டாமாம். ஆஸ்பத்திரியில் வயசு கேட்டதற்கு 110001 என்று எழுதிக் கொடுத்தார். லட்சம் வயசு தாண்டியவரை நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சைபரும் மட்டுமே உள்ள அவர் கணக்கில் அது நாற்பத்தொன்பதாம்.

போன சித்திரையில் என் ஷெட்டுக்கு அபாய மணி கட்ட வந்தார். மூடிய ஷெட். காத்தாடிகள் நின்றால் கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டாயிரம் கோழியும் செத்துவிடும்.

“மணி எப்ப அடிக்கணும்? ஒரே வரியில சொல்லுங்க சாமி.”

“கரண்டும் போயி, சூடும் ஏறுனா அடிக்கணும்.”

கரண்ட் இருந்தால், போனால், சூடு ஏறினால், ஏறாவிட்டால் என்று நோட்டில் நாலு வரி போட்டார். ஒரே வரியில்தான் மணிக்கு ஒன்று, அதாவது அடிக்கும். மற்றதெல்லாம் சைபர்.

“மூணாவது வரியப் பாருங்க. கரண்ட் இருக்குது, ஆனா சூடு ஏறுது. அப்ப மணி அடிக்காதுங்க. மாத்திப்போடட்டுங்களா?”

“கரண்ட் இருந்தா காத்தாடி ஓடும். ஓடுனா சூடு எப்படிய்யா ஏறும்? சொன்னதச் செய்யி!”

கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கம்பியைத் தொட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் ஷெட்டுக்குப் பின்னால் யாரோ பதுங்குவது தெரிந்தது. முட்டைத் திருடன் என்று தடியோடு பாய்ந்தேன். தெர்மாமீட்டரும் கையுமாக சைபர்காரர்!

“இங்க என்னய்யா வேலை?”

“நீங்க மாத்த உடலீங்களே. அந்த மூணாவது வரிக்கு நான்தானுங்க மணி.”

திட்டித் துரத்தினேன். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

ஒரு நாள் காத்தாடிகளின் ஸ்டார்ட்டர் கருகி எல்லாம் நின்றுபோயின. கரண்ட் இருந்தது. நான் கட்டச் சொன்ன மணி வாயே திறக்கவில்லை. சைபர்காரர் கத்திய கத்தில் வேட்டி அவிழ ஓடினேன். இருவரும் ஷெட்டின் பக்கவாட்டுத் திரைகளைக் கிழித்துக் காற்று விட்டோம். கோழிகள் பிழைத்தன.

“இப்ப மாத்தலாமுங்களா?”

கரண்ட் போனாலோ சூடு ஏறினாலோ, ஏதாவது ஒன்று நடந்தாலே மணி என்று எழுதிக் கொடுத்தேன். நகத்தளவு சில்லு ஒன்றை மாற்றினார். அவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான் அந்த ஆள் வெயிலில் வெந்திருக்கிறார்.

பையைத் தூக்கினார். “இனி நான் வர வேண்டியதில்லீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “மத்தியானம் வந்தா ஊட்ல சோறு உண்டு.”

பையிலிருந்து நோட்டை எடுத்தார். “வராட்டிங்க?”

“வராட்டியும் எடுத்து வெச்சிருப்பேன்யா.”