உடையாப் பலகைத் தெரிவுக் குழு

உடையாத பொருள் ஒண்டைத் தெரிவுசெய்து முடித்த பெருமை, உலகத்தில் வேற ஆருக்கு இருந்தாலும் இல்லாட்டிலும், மன்னார்த் தீவில் நாலு பேருக்கு உண்டு. அந்த நாலில் நான் ஒருத்தன். மற்ற மூண்டு பேரும் படிச்சவை. நான் ஐஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொன்னவன். படிச்சவைக்குக் கூட்டங்கள் இருக்கிறதால, இந்தச் சரித்திரத்தை எழுதுற பாரம் என்ர தலையில விழுந்தது.

விசயம் இதுதான். ஸ்கேற்போட் எண்டு ஒரு சாமான். ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைஞ்ச ஒரு பலகை, கீழ நாலு சின்னச் சில்லு. ஏறி நிண்டு ஒரு காலால உந்தினால் ஓடும். பர்ஸானா எண்ட எங்கட ஊர்ப் பிள்ளை கொழும்பில வேலை செய்யேக்க அதைப் பழகி, ஒண்டைக் கையோட கொண்டுவந்து, இஞ்ச பதினொரு பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பழக்கினா. இடம், புது மீன் ஏலக் கூடம். கூடத்தைக் கடலுக்கு ஒரு மைல் தள்ளிக் கட்டினபடியால் மீன் அந்தப் பக்கம் போகேல்லை. சீமெந்து நிலம் மட்டும் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

பதினொரு பிள்ளைக்கு ஒரு பலகை. ஆளுக்கு ஐஞ்சு நிமிசம், மணிக்கூட்டைப் பார்த்து. அதுகளுக்குள்ள கெட்டிக்காரி நுஹா. பத்தாம் வகுப்பு. ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து வைச்சு, பலகையோட அதுக்கு மேலால பாய்ஞ்சு காட்டுறன் எண்டு நிண்டவள். அவளின்ர தாய் றாபியா தவணை வைச்சுப்போட்டா: "ஜனவரியில ஓ.எல். சோதனைக்கு வகுப்பு. அதுவரைக்கும் ஓடு. பேந்து பலகையுமில்லை, ஒரு மண்ணுமில்லை."

அப்ப ஏப்ரல் மாசம். அந்த மாசந்தான் ஒரு திட்டத்தில பிள்ளையளுக்குப் பதினொரு ஸ்கேற்போட் குடுக்கிறதெண்டு அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் வந்தது. கடிதத்தில் ஒரு சொல்லுக்குக் கீழ கோடு போட்டிருந்தது: 'நீடித்து உழைக்கக்கூடிய.' அந்தக் கோட்டுக்காகத்தான் குழு அமைஞ்சது.

தலைவர், கந்தோரில் அபிவிருத்தி பாக்கிற தில்லைநாதன் ஐயா. அடம்பன் ஆள், நெல்லு மூட்டையைக் கூடத் தட்டிப் பாக்காமல் வாங்கமாட்டார். செயலாளர் வேணுஜா மிஸ். விளையாட்டுக்குப் பிரசாந்தன், அவரின்ர விளையாட்டு கரம் போட். நான் 'சமூகப் பிரதிநிதி'. பள்ளிமுனைக் கரையில வெடிச்ச பைபர் வள்ளங்களை ஒட்டுறவன் எண்டபடியால், பைபர் எண்டு வாற எதுக்கும் நான்தான் நிபுணனாம்.

பர்ஸானாவைக் குழுவில சேர்க்கேல்லை. ஏனெண்டு நானே கேட்டன்.

"ஓடத் தெரிஞ்ச ஆளுக்குப் பக்கச்சார்பு வரும், பக்கீர் ஐயா," எண்டார் தலைவர்.

இப்பிடிப்பட்ட நேர்மையை நான் வேற எங்கயும் கண்டதில்லை.

முதல் கூட்டத்துக்கு நாலு மாதிரிப் பலகை மேசையில கிடந்தது. பர்ஸானாவைக் கதவடியில ஒரு கதிரை போட்டு இருத்தினம், 'அவதானிப்பாளர்'. ஒண்டு வெறும் மரம், ஏழு தட்டு ஒட்டினது. ஒண்டு மூங்கில். ஒண்டு கறுப்புக் கார்பன் நார் வைச்சது. மற்றது மரத்தட்டுகளுக்கு இடையில பைபர் வைச்சுப் பலப்படுத்தினது.

"இதில எது உடையாது?" எண்டார் தலைவர்.

"எல்லாம் உடையும், சேர்," எண்டா பர்ஸானா. "ஏறிப் பாய்ஞ்சால் உடையத்தானே வேணும். பைபர் வைச்சது கொஞ்சம் கூட நாள் நிக்கும், முன் மூக்கும் பின் வாலும் கெதியாய்த் தேயாது. பாரமும் இல்லை. இதை எடுங்கோ."

வேணுஜா மிஸ் பேனையை நிப்பாட்டினா. "'உடையும்' எண்டு குறிப்பில போடட்டோ?"

"போடாதேங்கோ. 'பயன்பாட்டின் போது மாற்றம் அடையும்' எண்டு போடுங்கோ," எண்டார் தலைவர்.

அண்டைக்கே முடிஞ்சு போயிருக்க வேண்டிய கூட்டம். அல்லாஹ் காப்பாத்தினான், நான் இருந்தன்.

"உள்ள பைபர் இருக்கெண்டு ஆர் கண்டது?" எண்டு கேட்டன். "கடதாசியில எழுதிக்கிடக்கு. கடதாசி என்னத்தையும் சொல்லும். எனக்கு வள்ளம் வித்தவனும் ஒரு கடதாசி தந்தவன்தான்."

நான் மரம் அறுக்கிற வாளெடுத்துப் பைபர்ப் பலகையை நடுவால அறுத்தன். வெள்ளைக் கோடு மாதிரி ரெண்டு வரி தெரிஞ்சுது.

"ஓம், இருக்கு," எண்டன்.

கை தட்டினார்கள். பிறகுதான் பிரசாந்தன் கேட்டார், அறுத்த பலகையை வைச்சு மிச்சச் சோதனையை எப்பிடிச் செய்யிறதெண்டு. புது மாதிரி கொழும்பிலிருந்து வர ரெண்டு மாசம் எடுத்தது. வந்ததைத் தலைவர் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயும் இருக்குமோ?"

"வேணுமெண்டால் அறுப்பம்," எண்டன்.

"சேர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்," எண்டா பர்ஸானா, முஸ்லிம் பிள்ளை. அதோட விட்டம்.

அடுத்த யோசினையும் என்ரதுதான், மறைக்கேல்லை. எந்தப் பொருளெண்டாலும் உப்புத் தண்ணியில கிடந்து எழும்பினால்தான் நான் நம்புவன். நாலு பலகையையும் கயிறு கட்டிக் கடலில தாழ்த்தினம்.

"மாமா, நாங்கள் கடலுக்குள்ள ஓடுறேல்லை," எண்டா பர்ஸானா.

"கூடத்தின்ர கூரை ஒழுகுது, பிள்ளை."

இருபத்தொரு நாள் கழிச்சு இழுத்தம். மூங்கில் பலகை வாழைப்பூ மாதிரி மடல் மடலாய் விரிஞ்சு வந்தது. மற்ற மூண்டும் ஊதிப்போச்சு. ஒண்டில நண்டு குடியிருந்தது. 'கடல்வாழ் உயிரினங்களுக்கு உகந்தது' எண்டு மிஸ் எழுதினா.

பிறகு பாரச் சோதனை. பிரசாந்தன் தெருவில மேய்ஞ்ச கழுதை ஒண்டைப் பாண் காட்டிக் கூட்டிவந்தார்.

"சில்லுப் பூட்டேல்லையோ?" எண்டா பர்ஸானா.

"சில்லுப் பூட்டினால் ஓடிப்போடும்," எண்டார் தலைவர். "ஓடினால் நாங்கள் எப்பிடிச் சோதிக்கிறது?"

கழுதை பலகையை மணந்து பார்த்துது. பாணை மட்டும் திண்டுபோட்டுத் திரும்பிப் போச்சு. அந்த வருசம் அந்தக் கந்தோரில எடுத்த கெதியான முடிவு அதுதான். கடைசியில தலைவர் தானே ஏறி நிண்டார். தண்ணி குடிச்ச பலகை, வெறும் மரம். 'டக்' எண்டுது. தலைவர் நிலத்தில இருந்துபோனார்.

எல்லாக் கூட்டத்துக்கும் நுஹா வந்து கதவடியில எட்டிப் பாப்பாள். முழங்கையில பிளாஸ்ரர், கையில அந்தப் பழைய பலகை, வால் தேஞ்சு தும்பாய்ப் போச்சு.

"வந்திட்டுதோ, மாமா?"

"பரிசீலனையில இருக்கு, மகள்."

'பரிசீலனை'. அறுபத்தெட்டு வருசத்தில நான் அந்தச் சொல்லை வாயில எடுத்ததில்லை. குழுவில இருந்தால் பாசை தானாய் வருது.

"பெட்டி பாய்ஞ்சிட்டியோ?"

"பின் சில்லு இடிக்குது. இன்னும் கொஞ்சம் பழகினால் சரி. ஆனா ஐஞ்சு நிமிசத்தில நாலு தரந்தான் பாயலாம். நீங்கள் கெதியாய்ப் பாருங்கோவன்."

நவம்பர் மாசம் அந்தப் பழைய பலகை நடுவால முறிஞ்சுது. ரெண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு நான் வேலை செய்யிற இடத்துக்கே ஓடி வந்தாள். நான் ஒரு வள்ளத்துக்குப் பைபர்த் துணி வெட்டிக்கொண்டு நிக்கிறன். பசை குழைச்சு வாளியில தயாராய்க் கிடக்கு.

"மாமா, இதை ஒட்டித் தருவீங்களோ? பெட்டியின்ர நுனியில மட்டுந்தான் இப்ப முட்டுது. ஒரு கிழமைக்கு நிண்டாலே போதும்."

அரை மணித்தியால வேலை. துணியும் கையில, பசையும் காலடியில. நான் என்ன சொன்னன் தெரியுமோ?

"குழு முடிவெடுக்குமட்டும் நான் தனிப்பட்ட முறையில ஒண்டும் செய்யேலாது, மகள்."

அவள் என்னைப் பார்த்தாள். பசை வாளியைப் பார்த்தாள். போய்விட்டாள். பொறுப்புள்ள ஒரு பிரதிநிதி இப்பிடித்தான் நடக்கவேணும் எண்டு தலைவர் அடுத்த கூட்டத்தில என்னைப் பாராட்டினார்.

கடைசிக் கூட்டம் டிசம்பரில. நாலு மாதிரியும் தோற்றுப்போனபடியால், பதினொரு பைபர்ப் பலகையை எடுப்பிச்சு, ஒவ்வொண்டுக்கும் மேலயும் கீழயும் வள்ளத்துக்குப் போடுற துணியில ரெண்டு படை நான் போடுறதெண்டு தீர்மானம். போட்டன். வள்ளத்துக்கு அடி வைச்ச மாதிரி வேலை. தலைவர் ஜீப்பை மேல விட்டுப் பார்த்தார். ஜீப்தான் துள்ளினது.

"இதுதான் பலகை!" எண்டார்.

"இதைத் தூக்க ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் வேணும், சேர்," எண்டா பர்ஸானா. அதுதான் அவ பேசின கடைசிப் பேச்சு. பழக்கப் பலகையும் இல்லாமல், பிள்ளையளும் ஒவ்வொண்டாய் நிண்டுபோக, அவ வவுனியாவில வேலை எடுத்துக்கொண்டு போட்டா.

ஜனவரி நடுப்பகுதியில கையளிப்பு விழா. பனர், குத்துவிளக்கு, மாலை. பிள்ளையளில ரெண்டு பேர் வந்தவை, ஒருத்தி வழி தவறி. மற்றது நுஹா, ரியூசன் பையோட. தலைவர் பலகையைக் குடுத்தார். அவள் ரெண்டு கையாலயும் வாங்கினாள், வாங்கேக்க முதுகு கொஞ்சம் வளைஞ்சுது.

"எப்பிடி, பிள்ளை?"

விரலால தட்டிப் பார்த்தாள். "நல்ல பலகை, சேர். உடையாது."

"ஏறிப் பாருமன்! அந்தப் பெட்டியைப் பாய்ஞ்சு காட்டும், படம் எடுப்பம்!"

"உம்மா வாசலில நிக்கிறா, சேர். போன கிழமை ஓ.எல். வகுப்புத் தொடங்கிட்டுது."

பலகையைத் திருப்பி மேசையில வைச்சுப்போட்டு, எனக்கு ஒரு சலாம் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டாள். 'பயனாளி திருப்தி தெரிவித்தார்' எண்டு மிஸ் எழுதினா. பொய்யில்லை, எழுத்தில எங்கயும் பொய்யில்லை.

பதினொரு பலகையும் இப்ப கந்தோர் அலுமாரியில, பூட்டோட. மாசத்துக்கு ஒருக்கா நான் போய்ப் பரிசோதிக்கவேணும், அதுக்கொரு படிவம் இருக்கு. போன மாசமும் போனன்.

"உடைஞ்சது எத்தினை, ஐயா?" எண்டு வேணுஜா மிஸ் கேட்டா.

"ஒண்டுமில்லை."

"கீறல்?"

"இல்லை."

"சில்லுத் தேய்வு?"

"இல்லை. ஏன் மிஸ், ஏறி ஓடின பிள்ளையள் எத்தினை பேர் எண்டு அதில ஒரு கோடு இல்லையோ?"

அவ படிவத்தை ரெண்டு பக்கமும் பிரட்டிப் பார்த்தா.

"அப்பிடி ஒரு கோடு இல்லை, ஐயா."

"நல்லதாப் போச்சு. இருந்திருந்தால் நாலு பேரும் மாட்டியிருப்பம்," எண்டு சொல்லி, நான் கையெழுத்துப் போட்டன்.