கழுத்துத் திருகு விஷயமாக மச்சானுக்கு

ஹேடோ, போர்ட் பிளேர்
ரஜப் மாதம், 1969

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் ஜனாப் நாகூர் கனி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சைனம்புவின் வீட்டுக்காரனும், கடையில் தங்களுடைய பழைய கூட்டாளியுமாகிய ஜெய்னுலாப்தீன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இவ்விடம் நான் சுகம், தங்கள் தங்கை சுகம், எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான மெஹர்பானு சுகம், கடையும் ஒருமாதிரி சுகம். மோட்டார் சைக்கிள் மட்டும் சுகமில்லை. அதற்குக் கழுத்து ஆடுகிறது.

ஆடுவது புதிதா என்று கேட்பீர்கள். இல்லைதான். நானும் கப்பலுக்குக் கப்பல் இதையேதான் எழுதுகிறேன். மதராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்து, ஸ்டீரிங் டேம்பர் என்கிற அந்தக் கழுத்துத் திருகை வாங்கித் தாருங்கள் என்று எழுதுவேன். நீங்களும் 'வரும்போது கையோடு கொண்டு வருகிறேன்' என்று பதில் போடுவீர்கள். அந்த 'வரும்போது' மட்டும் இன்னும் வந்தபாடில்லை. மெயின்லாந்துக்குத் திரும்பிப் போன பயணத்தில் நங்கூரம் எடுத்ததிலிருந்து மதராஸ் கரை தெரிகிறவரைக்கும் வாந்தி எடுத்தீர்களாம், கரையில் இறங்கியதும் 'இனிமே கப்பல் ஏறினா நான் நாகூர் கனி இல்லை' என்று சபதம் போட்டீர்களாம். தங்கள் பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் மச்சான், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஷவ்வால் மாதம் மெஹர்பானுவுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறோம். தாய்மாமன் நீங்கள் வந்தாக வேண்டும். இதைத்தான் முதல் வரியிலேயே எழுத நினைத்தேன், வண்டி குறுக்கே வந்துவிட்டது.

வண்டி என்றதும் பழசெல்லாம் வரிசையாக வருகிறது. ராணுவத்தார் கழித்துப்போட்ட அதை ஏலத்தில் நாம் இருவரும் சேர்ந்து எடுத்தபோது இந்தத் தெருவிலே வேறு மோட்டார் சைக்கிள் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர் நீங்கள், உட்காரத் தெரிந்தவன் நான். கப்பலிலிருந்து மூட்டை இறங்கியதும் வெங்காயம், வெல்லம், நான் எல்லாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சௌல்தாரிக்குக் கிளம்புவீர்கள். ஹேண்டிலுக்கு நடுவே கறுப்பாக ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் ஹேண்டில் கொஞ்சம் கெட்டிப்படும், குழியில் இறங்கினாலும் முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறாது. தளர்த்தினால் திருப்பச் சுலபம். வெள்ளைக்காரன் காரணமில்லாமலா வைத்திருப்பான், அது அவசியம் என்பது என் கட்சி. "ஓட்டறவன் மணிக்கட்டு சரியா இருந்தா இதெல்லாம் எதுக்கு மாப்ளே? கைதான் டேம்பரு" என்பது உங்கள் கட்சி. கடையில் வியாபாரம் இல்லாத நேரம் முழுக்க நாம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். சாமான் வாங்க வந்தவர்கள்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து, வாங்க வந்ததை மறந்து திரும்பிப் போனார்கள்.

அந்த மழைக்காலத்து நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சௌல்தாரி இறக்கத்தில் பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்ட ஆரம்பித்தது. நான் வெல்ல மூட்டைக்குப் பின்னாலிருந்து "திருக இறுக்குங்க மச்சான்!" என்று கத்தினேன். நான் சொல்லிவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் அதை எதிர்ப்பக்கம் சுழற்றினீர்கள். அது கையோடு வந்துவிட்டது. வைத்த இடத்தில் வைக்க வேண்டியதுதானே? அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "பாரு, இது இல்லாமயும் வண்டி போவுது!" என்றீர்கள். போயிற்று. நேராக வயலுக்குள் போயிற்று. திருகு ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், நாம் இருவரும் சேற்றில். வயல்காரர் சிவஞானம் ஓடி வந்தார், தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நான் கையை நீட்டினால், "அசையாதீங்க பாய், நேத்துதான் நாத்து நட்டேன், பாத்துப் பதனமா எந்திரிங்க" என்கிறார். முகமெல்லாம் சேறாக மல்லாந்து கிடந்தபடி நீங்கள் என்னைப் பார்த்து, "இப்பவும் சொல்றேன் மாப்ளே, அது தேவையில்லை" என்றீர்கள். அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. திருகு கிடைக்கவே இல்லை. சிவஞானத்தின் வயலில் அந்த வருஷம் நெல் மட்டும் நன்றாக விளைந்தது.

அதன் பிறகு வண்டியை ஆடாமல் ஓட்ட நீங்கள் கண்டுபிடித்த உபாயம்தான் மெஹர்பானு. சின்னப் பிள்ளையைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்துக்கொள்வீர்கள், முன்னால் கொஞ்சம் பாரம் சேர்ந்ததும் ஹேண்டில் அடங்கிவிடும். "எம் மருமவதான் எனக்கு டேம்பரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அவள் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைத்து, எதிரே வருகிற மாட்டையெல்லாம் அதட்டுவாள். உங்கள் தங்கை வாசலில் நின்று இருவரையும் ஏசுவாள். நீங்கள் போன பிறகு நான் ஒருநாள் அவளை அப்படி உட்கார வைத்துப் பார்த்தேன். "வாப்பா ஓட்டுறது மாமா ஓட்டுற மாதிரி இல்ல" என்று இறங்கிப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை, அவள் சொன்னதும் உண்மை.

இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் வாப்பா நஜிமுதீன் மரைக்காயர் அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், நல்ல கனமான மனிதர். பேச்சு முடிக்க வந்தவரைச் சாத்தம் படகுத்துறையிலிருந்து நானே வண்டியில் ஏற்றிக்கொண்டேன், மரியாதையாக இருக்கட்டும் என்று. பாலத்தில் ஏறியதும் பின்பாரத்தில் வண்டி தலையை உதற, சம்பந்தி கலிமா சொல்ல, நான் பிரேக்கை மிதிக்க, அவருடைய புதுத் தொப்பி காற்றில் கிளம்பிக் கடலில் விழுந்துவிட்டது. கீழே வலை போட்டிருந்த வங்காளிக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "அரே சேட்ஜி, முண்டி பகடோ, முண்டி!" என்று கத்தினார். வண்டியின் தலையைப் பிடிக்கச் சொல்கிறாராம். சம்பந்தி அவசரத்தில் என் தலையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் நடந்தே வந்தார். பிரியாணி சாப்பிட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. கையைக் கழுவிக்கொண்டே, "பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காஹளா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "நிக்காஹ்வுக்கு வராஹதானே?" என்றார். கொல்லைப்புறத்தில் உங்கள் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. வருவார், திருகோடு வருவார் என்று சொல்லிவிட்டேன்.

துறைமுகத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் ஜம்புலிங்கத்திடம் வண்டியைக் காட்டினேன். கழுத்துப் பேரிங்கில் குண்டுகள் தேய்ந்துவிட்டன, அதை மாற்றாமல் திருகு போட்டால் ஆட்டம் மறையுமே தவிர நோவு போகாது என்றார். சரி என்று குண்டு மாற்றினோம், ஆடியது. டயரை மாற்றினோம், அப்போதும் ஆடியது. பின்னால் சாமான் பெட்டியைக் கழற்றச் சொன்னார், பெட்டி இல்லாமல் எனக்குக் கடை ஏது? கடைசியில் வண்டியை விட்டுவிட்டு உறவு விஷயத்துக்கு வந்தார். "மச்சான் வரலேன்னா என்ன பாய், மாமன் ஸ்தானத்துல நான் வந்து நிக்கறேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார். இந்தத் தீவில் உறவுக்கு ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொள்வது நமக்குப் பழக்கம்தானே. மெஹர்பானு பிறந்தபோது தங்கள் தங்கைக்கு உம்மாவின் ஸ்தானத்தில் பக்கத்தில் இருந்தது அடுத்த குவார்ட்டர்ஸ் தெலுங்கம்மாள். வங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சித்தப்பாவாக நின்று, பெண் புறப்படும்போது அவளுடைய சொந்த வாப்பாவைவிடச் சத்தமாக அழுதவர் நீங்கள். அதனால் ஜம்புலிங்கம் சொன்னதில் தப்பில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மெஹர்பானு ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்: "ஜம்பு மாமா நல்லவங்கதான் வாப்பா. ஆனா எம் மாமா வராஹளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." நான் குழம்பு ருசியாக இருக்கிறது என்றேன்.

மச்சான், எனக்கு இங்கே சண்டை போட ஆளில்லை. கடையில் கூட்டம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, ஆனால் நான் ஒன்று சொன்னால் எல்லாரும் 'ஆமாம் பாய்' என்கிறார்கள். சௌல்தாரி இறக்கத்துக்கு இப்போது தார் போட்டுவிட்டார்கள். சிவஞானத்தின் வயலைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறேன். திருகைத் தேடுவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆகவே தாங்கள் ஒரு நல்ல கழுத்துத் திருகை வாங்கி, அதைத் தபாலை நம்பாமல், தாங்களே கையோடு கொண்டு வந்து சேரவும். டேம்பர் இல்லாமல் இந்த வண்டி ஓடாது. இது என் கட்சி, நான் மாற மாட்டேன். கப்பலில் ஊறுகாய் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தால் வாந்தி வராதாம், தங்கள் தங்கை சொல்லச் சொன்னாள்.

வீட்டில் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். எல்லாருக்கும் உடல் சுகத்தையும் நீண்ட ஆயுளையும், தங்களுக்குக் குறிப்பாக அலையில்லாத கடலையும் இறைவன் தந்தருள ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன்.

தங்கள் அன்பு மாறாத மாப்பிள்ளை,
ஜெய்னுலாப்தீன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கத் துறைமுகத்துக்குப் போனேன். வந்து நிற்கிற கப்பலில் தங்கள் பார்சல் ஒன்று வந்திருக்கிறது என்று கையில் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தேன். புதுக் கழுத்துத் திருகு, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி. கூடவே தங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மாப்ளே, நீ சொன்னதுதான் சரி. வண்டிக்கு டேம்பர் அவசியம். பூட்டிப் பத்திரமாக ஓட்டு. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மருமகளுக்கு என் துஆ.' இத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களோடு மல்லுக்கட்டினேன். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை மச்சான், அழுகைதான் வந்தது. "குடுங்க பாய், இப்பவே பூட்டிடலாம்" என்று ஜம்புலிங்கம் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அதையும் கட்டி அதே கப்பலில் திருப்பி அனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் சொன்னது தப்பு, நீங்கள் அன்றைக்குச் சேற்றில் கிடந்து சொன்னதுதான் நியாயம். வண்டிக்குத் திருகு தேவையே இல்லை. வெறுங்கையோடு வாருங்கள்.